சுவருக்கு அந்தப் பக்கம்

ஒருகாலத்தில் தோழியாக இருந்தவளுக்கு,

புதன்கிழமைதோறும் கணக்கு டீச்சர்கள் எல்லோரும் விடைத்தாள்களை மேசையில் பரப்பிச் சேர்ந்து பார்க்கிறோம். நேற்று அத்தனை பேர் முன்னாலும், "உன் பசங்க பேப்பரை மட்டும் ஏன் கவுத்து வச்சிருக்க?" என்று கேட்டு, நீயே திருப்பியும் போட்டாய். இந்த பெர்கன் நகரம் முழுக்கத் தேடினாலும் இப்படியொரு வாய் கிடைக்காது.

என் வகுப்பில் பதினேழு பேருக்குச் சமன்பாடு வரவில்லை. அதன்பிறகு நீ ஊற்றித் தந்த காபியை நான் தொடவில்லை.

இன்று என் மாணவி சுன்னிவா, "பக்கத்து கிளாஸ்ல நடத்துறது சுவர் வழியா கேக்குது டீச்சர். அதுதான் புரியுது" என்றாள்.

உன்னை மன்னித்துவிட்டேன் என்று நினைக்காதே. நாளை வெள்ளிக்கிழமை என் பசங்களோடு உன் வகுப்புக்கு வருகிறேன். என்னிடம் பேசாதே, பாடத்தை மட்டும் நடத்து. நாற்காலி போட்டு வை, எனக்கும் சேர்த்து.

இப்படிக்கு,
சுவருக்கு இந்தப் பக்கம் இருப்பவள்