சக்கரத்தின் கீழ் எலுமிச்சம்பழம்

வெள்ளிக்கிழமை, இரவு

பூசாரியின் கையில் காயம் எதுவும் இல்லை. சற்று முன் போனில் அவரே சொன்னார்.

இடது முழங்கால் கிளட்ச் மிதிக்க மறுத்ததால்தான் இந்தப் புது ஆட்டோமேட்டிக் செடான் காரை எடுத்தேன். விழுப்புரத்துக்கும் திண்டிவனத்துக்கும் செய்திக்காக அலைகிறவன் என்பதால் டீசல். இன்று மாலை திண்டிவனத்தில் ஒரு தெருமுனைப் பிள்ளையார் கோயிலில் வண்டிக்குப் பூஜை போட்டோம். பூசாரி குனிந்து முன்சக்கரத்தின் கீழ் எலுமிச்சம்பழம் வைத்துக்கொண்டிருந்தார். பழைய கார் நினைப்பில் பிரேக்கிலிருந்து காலை எடுத்துவிட்டேன். கியர் 'டிரைவ்'வில் இருந்ததால் ஆக்சிலரேட்டரைத் தொடாமலே வண்டி நகர்ந்தது. அவர் கையை இழுத்துக்கொண்டார். பழம் நசுங்கியது.

"என்னா சார், நான் வெச்சிக்கினு இருக்கும்போதே ஏத்துறீங்க? அவ்ளோ ஜல்தியா?" என்று சிரித்தார்.

பக்கத்து சீட்டில் இருந்த என் மனைவி சிரிக்கவில்லை. இறங்கிவிட்டாள். "நீங்க ஓட்டிக்கினு வாங்க. நான் பஸ்ல போறேன்."

அந்த பஸ்ஸின் பின்னாலேயே விழுப்புரம் வரை ஓட்டி வந்தேன்.

ஞாயிற்றுக்கிழமை கண்டமங்கலத்தில் அவள் தங்கை வீட்டு விசேஷம். காரில் வருவாயா என்று சாப்பிடும்போது கேட்டேன்.

"பஸ்ல கடைசி சீட்டுல உக்காந்து உங்களப் பாத்துக்கினுதான் வந்தேன். ஒழுங்காத்தான் ஓட்டினீங்க" என்றாள். பிறகு தட்டை எடுத்துக்கொண்டு எழுந்தாள். "காலையில சொல்றேன்."