தம்பி விட்டுப் போன மீன்

ஜனவரி 18, ஞாயிறு

காலையில் நல்ல பனி. பூசைக்குப் போகும்போது எதிரே வந்த டவுன் பஸ் பக்கத்தில் வந்த பிறகுதான் தெரிந்தது. வீடு திரும்பும்போது சுள்ளென்று வெயில்.

தொட்டி கழுவினேன். ஞாயிறு என்றால் மற்ற வீடுகளில் கறிக்குழம்பு. எனக்குத் தொட்டி. தம்பி ஜெரால்டு மஸ்கட்டுக்கு வேலைக்குப் போனபோது என்னிடம் விட்டுப் போனவை: பைக், ஜிம் சாமான், அப்பா, இந்த உயிர்.

கிங் என்று பெயர் வைத்திருக்கிறான். நான் அப்படிக் கூப்பிடுவதில்லை. அப்பா மீன் என்கிறார். மீன் இல்லை. தவளைக்குத் தூரத்துச் சொந்தம். நீள வால், நாலு கால், தலைக்கு இரண்டு பக்கமும் இறகு மாதிரி செவுள். திருச்சியில் கலர்மீன் கடையில் ஆக்சோலாட்டல் என்று சொல்லி விற்றிருக்கிறார்கள். கிளம்பும் அன்று ஜெரால்டு சொன்னது: “ஆயுசுக்கும் தண்ணிக்குள்ளயேதான்க்கா கெடக்கும். ஒனக்கு ஒரு வேலையும் இருக்காது.”

இல்லாத வேலைகள்: குழாய்த் தண்ணீரை முதல் நாளே வாளியில் பிடித்து வைப்பது. ஃப்ரீஸரில் பாட்டில் தண்ணீரை உறைய வைத்துத் தொட்டியில் மிதக்க விடுவது (சூடு ஆகாது அதற்கு). மண்புழு தோண்டுவது. எச்சத்தை உறிஞ்சி எடுப்பது. அவனுடைய யூடியூப் சேனலுக்கு வீடியோ பிடித்து அனுப்புவது.

கோவில் வாசலில் பிலோமினா சித்தி யாரிடமோ சொல்லிக்கொண்டிருந்தார். “ரோஸிக்கு என்ன, புள்ளையா குட்டியா. வீட்ல சும்மாதான இருக்கு.” காலை ஆறரைக்குத் திருச்சி பஸ். ஆஸ்பத்திரியில் நாள் முழுக்க பில் கவுண்டர். சும்மா.

ஜனவரி 21, புதன்

பஸ்ஸில் கம்பியைப் பிடித்து நின்றபடியே திருச்சி வரை.

செவுள் சிறுத்திருக்கிறது. போன வாரம் பட்டுக் குஞ்சலம் மாதிரி இருந்தது. இப்போது தேய்ந்த பல் துலக்கும் பிரஷ் மாதிரி. வாலின் மேலே இருந்த மெல்லிய துடுப்பும் குறைந்துவிட்டது. போட்டோ எடுத்து ஜெரால்டுக்கு அனுப்பினேன்.

உடனே போன். நலமா என்றுகூட இல்லை. “தண்ணிய ஒழுங்கா மாத்துறியா இல்லியா? தண்ணி கெட்டாத்தான் செவுளு இப்படிப் போகும்.”

மாத்துறேன் என்றேன்.

“மாத்துனா ஏன் இப்படி ஆகுது?”

சாயங்காலம் என் போட்டோவையே சேனலில் போட்டிருக்கிறான். ‘நான் ஊரில் இல்லை, அக்கா பொறுப்பில் கிங்குக்கு உடல்நலக் குறைவு.’ கீழே யார் யாரோ. ‘பாவம் கிங்.’ ‘அந்த அக்காகிட்ட இருந்து காப்பாத்துங்க ப்ரோ.’ அந்த அக்கா.

ஜனவரி 24, சனி

அரை நாள் லீவு போட்டு, மூடி வைத்த டப்பாவில் எடுத்துக்கொண்டு மாட்டாஸ்பத்திரி. முன்னால் ஒரு கன்றுக்குட்டி, இரண்டு ஆடு. டாக்டர் டப்பாவைத் திறந்து ரொம்ப நேரம் பார்த்தார்.

“ஆடு, மாடு, நாயின்னா சொல்லுவேன்மா. இது எனக்குத் தெரியாது. தெரியாம மருந்து குடுத்தா தப்பாயிரும்.”

இந்த மாதத்தில் என்னிடம் ஒழுங்காகப் பேசிய ஒரே ஆள்.

ஜனவரி 27, செவ்வாய்

பஸ்ஸில் உட்கார இடம். போகும்போதும் வரும்போதும் போனில் படித்தேன். படம் படமாக ஒப்பிட்டுப் பார்த்தேன். இது நோயே இல்லை. கடைக்காரன் விற்றது ஆக்சோலாட்டலே இல்லை என்றுதான் தோன்றுகிறது. சாலமாண்டரில் வேறு வகை. சின்னதில் எல்லாம் ஒரே மாதிரி இருக்குமாம். இந்த வகை வளர்ந்ததும் செவுள் சுருங்கி விழுந்துவிடும். பிறகு நுரையீரலால் மூச்சு. தண்ணீரை விட்டு ஏறி ஈர மண்ணில் வாழும். ஏற இடம் இல்லாவிட்டால் தண்ணீரிலேயே முங்கிச் செத்துப் போகும்.

தலைப்பிரட்டை தவளை ஆவது போல. ஐந்தாம் வகுப்புப் பாடம். ஆனால் யாரும் கண்ணாடித் தொட்டியில் வைத்து உன்னால்தான் வால் போச்சு என்று தலைப்பிரட்டையின் அக்காவைத் திட்டுவதில்லை.

ஜெரால்டுக்குக் குரல் பதிவாக அனுப்பினேன். பதில்: ஒரு சிரிக்கும் முகம். ‘கடைக்காரருக்குத் தெரியாதா, ஒனக்குத் தெரியுமா?’

பிப்ரவரி 1, ஞாயிறு

வானம் மூடாக்கு. துணி காயவில்லை.

சாப்பிடுவதை நிறுத்திவிட்டது. மண்புழுவை மூக்குக்கு முன்னால் ஆட்டினாலும் முகத்தைத் திருப்புகிறது. இந்த நேரத்தில் அப்படித்தான் இருக்குமாம். படித்திருந்தும் பயம்.

தண்ணீரைப் பாதியாகக் குறைத்தேன். ஒரு பக்கம் ஓடு, கூழாங்கல் அடுக்கி மேடு. அதன்மேல் நனைத்த தேங்காய் நார். அப்பா நாற்காலியில் இருந்து பார்த்துக்கொண்டே இருந்தார்.

“தம்பி வாங்குன தொட்டி. கல்லப் போட்டு ஒடச்சிராத.”

“ஒடையாதுப்பா.”

“அவன்ட்ட கேட்டியா?”

கேட்கவில்லை. கேட்காமல் செய்ததில் ஒரு திருப்தி. அப்பா கண்டக்டர் வேலையில் இருந்தபோது ஒரு பஸ்ஸையே அதட்டியவர். மகன் விஷயம் என்றால் மட்டும் எல்லாவற்றுக்கும் அவன் கையெழுத்து வேண்டும். வீட்டுக்கு வெள்ளை அடிக்கிற நிறம்கூட மஸ்கட்டில் இருந்துதான் வந்தது.

பிப்ரவரி 6, வெள்ளி

காஸ் தீர்ந்தது. புக் பண்ணணும். அப்பா முட்டிக்குத் தைலம்.

மேலே வந்து காற்றை வாயால் அள்ளிக்கொண்டு போகிறது. பிறகு மேட்டில் முன்கால் இரண்டையும் ஊன்றி நிற்கிறது. கண்ணில் இமை வந்திருக்கிறது. இதுவரை இமைக்காத கண். இன்று காலை பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டது என்று ஓடும்போது என்னைப் பார்த்து ஒரு தடவை இமைத்தது. நின்று பார்த்ததில் ஆறரை பஸ் போய்விட்டது. சூப்பர்வைசரிடம் திட்டு. பரவாயில்லை.

பிப்ரவரி 10, செவ்வாய்

ஜெரால்டு பேசினான். குரலில் தேன். அப்போதே தெரிந்திருக்க வேண்டும்.

அவன் கூட்டாளி கார்த்தி வேலை பார்க்கிற பிரியாணிக் கடை புதிதாகத் திறந்திருக்கிறது, புதுக்கோட்டை ரோட்டில். வாசலில் பெரிய தொட்டி. அதில் கிங்கை விட வேண்டுமாம். ‘கால் முளைச்ச மீன்’ என்று போர்டு.

“தண்ணியில விட்டா செத்துரும்டா. இப்பப் பாதிக்கு மேல மாறிருச்சு.”

“நீயா ஒண்ணச் சொல்லாதக்கா. நான் அவங்களுக்கு வாக்குக் குடுத்துட்டேன்.”

“என்னையக் கேக்காம?”

“ஏன், அது யாரோடது?”

வைத்துவிட்டேன். அரிசி களையும்போது கை வேகத்தில் பாதி அரிசி தண்ணீரோடு போய்விட்டது.

பிப்ரவரி 13, வெள்ளி

நடந்ததை அப்படியே எழுதுகிறேன்.

வேலை விட்டு வந்தேன். மேட்டில் இல்லை. தண்ணீரில் இல்லை. கட்டில் அடியில், பீரோ பின்னால் எல்லாம் குனிந்து தேடினேன். அப்பா டிவியைப் பார்த்துக்கொண்டே சொன்னார்.

“கார்த்தி வந்தான். குடுத்துட்டேன்.”

“ஏன் குடுத்தீங்க?”

“தம்பி சொன்னான். அவன் பொருளு.”

“தண்ணி மாத்துறது யாருப்பா? புழு எடுக்குறது யாரு?”

“அதுக்கு?”

அதுக்கு. அந்த ஒரு வார்த்தை. செருப்பைக் கழற்றக்கூட இல்லை, அப்படியே திரும்பி நடந்தேன். ஆட்டோ பிடிக்கத் தோன்றவில்லை.

கடையில் கூட்டம். வாசலில் நீல விளக்குப் போட்ட தொட்டி, விளிம்பு வரை தண்ணீர், பிளாஸ்டிக் கோட்டை, குமிழி விடும் மோட்டார். அது கண்ணாடி மூலையில். மேலே எம்பி மூக்கை நீட்டுகிறது, பிடிமானம் இல்லாமல் இறங்குகிறது, மறுபடி எம்புகிறது. ஒரு சின்னப் பெண் கண்ணாடியைத் தட்டி, “அங்கிட்டு ஓடுது பாரும்மா” என்றாள். அது ஓடவில்லை. தத்தளித்துக்கொண்டிருந்தது.

கல்லாவில் இருந்த முதலாளியிடம் சொன்னேன். “அது மீன் இல்லைங்க. இப்ப மேல வந்துதான் மூச்சு விடுது. ஏறி நிக்க எடமில்லாம முங்கிச் செத்துரும்.”

“ஜெரால்டு தம்பி சொல்லித்தானம்மா எடுத்தாந்தோம். செத்தா வேற ஒண்ணு வாங்கி விட்டுக்குறோம்.”

அதற்குப் பிறகு நான் மெதுவாகப் பேசவில்லை. எனக்கே என் குரல் தெரியவில்லை. இந்த உசுரு செத்தா வேற, அடுத்ததும் செத்தா வேற, கேக்குறதுக்கு ஆளில்லைன்னா எத்தனைய வேணா வாங்கிப் போடுவீங்களா என்று கேட்டேன். சாப்பிட்டுக்கொண்டிருந்தவர்கள் இலையில் கை வைத்தபடி திரும்பிப் பார்த்தார்கள். கார்த்தி உள்ளேயிருந்து ஓடி வந்தான்.

“அக்கா, ஜெரால்டுகிட்ட ஒரு வார்த்த கேட்டுட்டு…”

“கேளு. தொட்டி கழுவ அவன் எப்ப வர்றான்னும் சேத்துக் கேளு.”

சுடிதார் கையை மடித்துவிட்டுத் தொட்டிக்குள் கை விட்டேன். தண்ணீர் வெதுவெதுவென்று இருந்தது, விளக்குச் சூடு. பயந்து கோட்டைக்குப் பின்னால் போனது. கோட்டையைப் பிடுங்கித் தரையில் வைத்தேன். முதலாளி எழுந்தவர் கூட்டத்தைப் பார்த்துவிட்டு உட்கார்ந்தார்.

“விடுடா, எடுத்துட்டுப் போகட்டும். தொறந்த வாரத்துலயே ஒண்ணு செத்து மெதந்தா நல்லாவா இருக்கும்.”

பக்கெட் பிரியாணிக்கு வைத்திருந்த காலி டப்பா ஒன்றை கார்த்திதான் கொடுத்தான். மூடியில் அவனே கத்தியால் ஓட்டை போட்டான். என் முகத்தைப் பார்க்கவில்லை.

வீட்டில் வந்து மேட்டில் விட்டேன். அசையாமல் கிடந்தது. தொண்டை மட்டும் துடித்தது. அப்பா எழுந்து வந்து பார்க்கவில்லை. நானும் தோசை வார்க்கவில்லை.

பிப்ரவரி 14, சனி

உயிரோடு இருக்கிறது.

ஜெரால்டு காலையிலேயே போனில். அசிங்கப்படுத்திட்ட, மானம் போச்சு, கூட்டாளி முகத்துல எப்படி முழிப்பேன். எல்லாவற்றையும் முடிக்க விட்டேன்.

“முடிச்சிட்டியா? இனிமே இந்த வீட்ல எது வேணும்னாலும் என்கிட்ட கேளு. அப்பாட்ட சொல்லி எடுக்காத. இல்லையா, வேலைய விட்டுட்டு வந்து நீயே பாரு. அப்பாவையும் சேத்து.”

“அப்பாவ ஏன் இதுல இழுக்குற?”

“இழுத்தது நீ.”

அப்பா காதில் எல்லாம் விழுந்தது. விழட்டும்.

பிப்ரவரி 18, புதன்

திருநீற்றுப் புதன். நெற்றிச் சாம்பலோடு வேலைக்குப் போனேன். கவுண்டரில் ஒரு பெரியவர் துடைத்துக்கொள்ளச் சொல்லிக் கைக்குட்டை நீட்டினார்.

அப்பா என்னோடு பேசி நாளாகிறது. டீ வேண்டும் என்றால் டம்ளரை நகர்த்தி வைக்கிறார். கோபத்தை விட்டுவிடச் சொல்லிப் பிரசங்கம் செய்தார் சாமியார். கேட்டேன். விடவில்லை.

செவுள் முழுக்க விழுந்துவிட்டது. இருந்த இடத்தில் சின்னத் தழும்பு. கறுத்த முதுகில் மஞ்சள் புள்ளிகள் வந்திருக்கின்றன, மஞ்சள் தூளைச் சிந்தியது மாதிரி. தண்ணீருக்கே போவதில்லை. பெரிய பிளாஸ்டிக் பெட்டியில் ஈர மண், நார், உடைந்த பானை ஓடு போட்டு மாற்றினேன். வெயில் ஏறுகிறது, ஐஸ் பாட்டிலைத் துணியில் சுற்றிப் பெட்டியின் வெளிப்பக்கம் வைத்தேன்.

பிப்ரவரி 22, ஞாயிறு

சாப்பிட்டது. குச்சி முனையில் மண்புழு. தலையைச் சாய்த்துப் பார்த்து, மெல்ல ஓரடி வைத்து, சட்டென்று கவ்வியது. எனக்குக் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. யாரும் பார்க்கவில்லை.

அந்தச் சந்தோஷம் மத்தியானம் வரைகூட இல்லை. ஜெரால்டு சேனலில் புது வீடியோ. ‘கிங் ஆக்சோலாட்டல் இல்லை, நான் கண்டுபிடித்த ரகசியம்.’ ஜனவரியில் நான் அனுப்பிய குரல் பதிவில் இருந்ததை வரிக்கு வரி சொல்கிறான். படங்கள் எல்லாம் நான் எடுத்தவை. ஓரத்தில் என் கைகூடத் தெரிகிறது. என் குரலை மட்டும் வெட்டிவிட்டுப் பாட்டுப் போட்டிருக்கிறான். கீழே ‘ப்ரோ நீங்க ஜீனியஸ்.’

இனி ஒரு படம் போகாது. சேனலுக்குப் படம் அனுப்ப அவன் வைத்திருந்த வாட்ஸப் குரூப்பில் இருந்து வெளியே வந்துவிட்டேன்.

பிலோமினா சித்தி போனில்: “தம்பி வீடியோ பாத்தேன். எம்புட்டு அறிவு அந்தப் புள்ளைக்கு.” காஸ் அடுப்பில் பால் வைத்திருக்கிறேன் என்று சொல்லிப் போனை வைத்தேன். பால் இல்லை.

பிப்ரவரி 26, வியாழன்

ஆஸ்பத்திரியில் சர்வர் வேலை செய்யவில்லை. கையால் பில். மணிக்கட்டு வலி.

வீட்டுக்குள் நுழைந்தபோது அப்பா பெட்டிக்குப் பக்கத்தில் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்திருந்தார். என்னைக் கண்டதும் பேப்பரைத் தூக்கிக்கொண்டார். கொஞ்சம் கழித்துப் பேப்பருக்குப் பின்னால் இருந்து: “தோல உரிச்சு அதையே தின்னுச்சு.”

“அப்படித்தான் செய்யும்.”

“ம்.”

அவ்வளவுதான் பேச்சு.

மார்ச் 1, ஞாயிறு

நல்ல வெயில். ஒரு வாரத் துணி மொத்தமும் துவைத்தேன்.

கொல்லையில் காயப்போட்டுக்கொண்டிருக்கும்போது உள்ளே அப்பா போன் அடித்தது. ஜெரால்டு, வீடியோ காலில். ஸ்பீக்கர் சத்தம் கொல்லை வரை கேட்டது.

“அப்பா, கிங்கக் காட்டுங்க. பொட்டியத் தொறந்து கையில எடுங்க. ஒரே நிமிசம், நான் ரெக்கார்டு பண்ணிக்கிறேன்.”

“கையில எடுக்கக் கூடாதாம். சூடு தாங்காதாம்.”

“யாரு சொன்னா?”

“அக்கா.”

“அக்காதான் வீட்ல இல்லைல? சும்மா தொறங்கப்பா.”

நாற்காலி நகரும் சத்தம். கையில் இருந்த துணியோடு நின்றுவிட்டேன். எழுந்து பெட்டிப் பக்கம் போகிறார் என்றுதான் நினைத்தேன்.

“கொல்லையில துணி காயப் போடுது. நீ அக்காட்ட கேளு. அது தொறக்கச் சொன்னா தொறக்குறேன். போன அதுட்ட குடுக்கவா?”



“வேணாம்பா. அப்புறமாப் பேசுறேன்.”

அப்பா கொல்லை வாசல் வரை வந்து நின்றார். நான் திரும்பவில்லை. உள்ளே போய்விட்டார்.

இதற்காக அந்த வெள்ளிக்கிழமை கார்த்தியிடம் எடுத்துக் கொடுத்தது நடக்காமல் போய்விடாது. அவர் வாயால் சொல்ல வேண்டியது இன்னும் பாக்கி இருக்கிறது. நானாகக் கேட்க மாட்டேன்.

வாளியில் கடைசியாகக் கிடந்தது அவருடைய வேட்டி. இறுக்கிப் பிழிந்து, உதறி, கொடியில் போட்டேன்.