டார்ச் லைட்டின் அட்டைப்பெட்டி

12.12.2025, வெள்ளி, மாலை 5.30

அண்ணா, புது டார்ச் எரியவில்லை என்றதும், நீ கீழே போட்டுவிட்டாய் என்று நேற்று கத்தியது என் தப்பு. "நான் தொடவே இல்லடி" என்று சொல்லிவிட்டுச் சாப்பிடாமல் படுத்துவிட்டாய்.

இன்று பேட்டரியை மாற்றினேன், ஸ்பிரிங்கைத் துடைத்தேன். சுவிட்சை அழுத்திப் பிடித்தால் எரிகிறது, விட்டால் அணைகிறது. நான் பார்த்தவரை சுவிட்ச்தான் கோளாறு. நீயும் ஒருமுறை பார்.

கடைக்காரர் போனில், "கீழ விழாம இருந்தா பொட்டியோட கொண்டாம்மா, வேற தரேன்" என்றார். பெட்டியை வெட்டி, தறியில் மிஞ்சிய ஜரிகை நூலை நான்தான் அந்த அட்டையில் சுற்றி வைத்திருந்தேன். நம் வீட்டில் எந்த அட்டை தப்பியது?

ஜரிகையைப் பிரிக்கும்போது பழைய டார்ச் ஞாபகம் வந்தது. கரண்ட் போனால், அம்மா தறியில் அறுந்த இழையை முடிச்சுப் போட நீதான் வெளிச்சம் பிடிப்பாய். "என் மூஞ்சில இன்னாடா அடிச்சிகினு இருக்கிற, இழை மேல அடி" என்பாள். கை வலித்தாலும் என்னிடம் தரமாட்டாய். ஒரு நாளும் நீ அதைக் கீழே போட்டதில்லை. இது நேற்றே ஞாபகம் வந்திருக்க வேண்டும்.

டைப்ரைட்டிங் கிளாஸ் முடிந்து எட்டு மணிக்கு வருவேன். குழம்பு அடுப்பின் மேல் இருக்கிறது. சாப்பிடு.

- பானு

நாளை: காலையில் பெட்டியை டேப் போட்டு ஒட்ட வேண்டும். பத்து மணிக்குக் கடை. நீயும் வா. கீழே விழவில்லை என்று நானே சொல்கிறேன்.