நீலச் சட்டைப் பக்கம்

அன்புள்ள பெரியவனுக்கு அம்மா எழுதுவது,

நாங்கள் மூவரும் நலம். நீ வேளாவேளைக்குச் சாப்பிடுகிறாய் என்று யாராவது சத்தியம் செய்தால் நான் இன்னும் நலமாக இருப்பேன். அப்பாவுக்கு முழங்கால் வலி குறைந்துவிட்டது, வாய் மட்டும் குறையவில்லை. எனக்குத்தான் ஒரு வாரமாக இருப்புக் கொள்ளவில்லை. பாலை அடுப்பில் வைத்துவிட்டு வாசலுக்குப் போகிறேன், வாசலில் நின்றால் போன் அடித்த மாதிரி இருக்கிறது, ஓடிவந்து எடுத்தால் இன்டர்நெட் மோடம் காதைக் கிழிக்கிறது, "அம்மா, லைன் போச்சு!" என்று மாடியிலிருந்து உன் தங்கை வாயாடி கத்துகிறாள்.

நீங்கள் இரண்டு பேரும் மாடி அறையில் ஒரே கம்ப்யூட்டரை வைத்துக்கொண்டு ஆரம்பித்த வெப்சைட் கம்பெனியை விலைக்குக் கேட்டவர் போன வாரம் நேரில் வந்தார். பூக்கடை, பல் டாக்டர், டிராவல்ஸ் என்று நீங்கள் செய்த பக்கங்களையெல்லாம் பார்த்தார். கடைசியில் நம் கம்பெனியின் சொந்தப் பக்கத்தைத் திறந்து, அடியில் ஓடும் வருகை எண்ணைப் பார்த்து, "விளம்பரமே இல்லாம இவ்வளவு பேர் வர்றாங்களா!" என்று அசந்துபோனார். வாயாடிக்குத் தலைகால் புரியவில்லை. டீயோடு நின்ற நான் சும்மா இருந்திருக்கலாம், "அதுல பாதி நான்தான் சார்" என்று சொல்லித் தொலைத்தேன். என்ன செய்ய? தினமும் காலையில் திறந்தால் 'எங்களைப் பற்றி' என்ற இடத்தில் நீலச் சட்டையோடு நீ இருக்கிறாய். படம் மேலிருந்து மெதுவாக இறங்கும், முதலில் முடி, அப்புறம் நெற்றி, சில நாள் மூக்கோடு நின்றுவிடும், மறுபடி திறப்பேன், மறுபடியும் திறப்பேன். ஒவ்வொரு தடவையும் அந்த எண் கூடும் என்று யார் கண்டது? வாயாடி முறைத்த முறைப்பில் டீயே ஆறிப்போயிருக்கும். அவர் நல்ல மனிதர், சிரித்துவிட்டார். "நாங்க வாங்கறது வேலையத்தாம்மா, எண்ணிக்கைய இல்ல" என்றார். கூடவே, கைமாறிய அன்றைக்கே இந்தப் பழைய பக்கத்தை எடுத்துவிடுவோம் என்றும் சொன்னார். அன்றிலிருந்துதான் எனக்கு இப்படி.

நீயோ போனில், "நாங்க கையால வளர்த்ததும்மா, விக்க மனசு வரல" என்று இழுக்கிறாய். வளர்த்த நீ வெளியூர் கிளம்பிப் போய்விட்டாய், "லோகோவ இன்னும் பெரிசாக்கும்மா" என்று வருகிற ஒவ்வொரு கடைக்காரரோடும் அவள்தான் தனியாக மல்லுக்கட்டுகிறாள். மேற்படிப்புக்கு இடம் கிடைத்ததை உன்னிடம் சொன்னாளா? சொல்லியிருக்க மாட்டாள். அண்ணன் மனசு கஷ்டப்படும் என்று அந்த வாயாடி வாயை மூடிக்கொண்டிருக்கிறாள். அடுத்த மாதம் சேர வேண்டும், விற்பனைத் தாளில் நீ கையெழுத்துப் போடாமல் அவளால் நகர முடியாது. விற்காதே என்று எழுதத்தான் என் கையும் துறுதுறுக்கிறது. ஆனாலும் போட்டுவிடு கண்ணா.

ஈரத் தலையோடு வெளியே போகாதே. நோய்நொடி அண்டாமல், நினைத்தது கைகூடி, நன்றாக இரு. இதோடு வைத்திருக்கும் தாளில் பென்சிலால் குறி போட்டிருக்கிறேன், அங்கெல்லாம் கையெழுத்துப் போட்டு உடனே அனுப்பு. மறக்காமல் உன் போட்டோ ஒன்றையும் வை, காகிதத்தில். மூக்கோடு நிற்காமல் உன்னை முழுசாகப் பார்க்க வேண்டும்.

தினமும் வந்து போன,
உன் அம்மா