மூன்று சூரியன் தாள்

நவம்பர் 18, செவ்வாய்

ஜெர்மனியின் பான் நகரில் விடியலிலிருந்து தூறல். குடையை மறுபடியும் ட்ராமில் விட்டுவிட்டேன். இந்த மாதம் இரண்டாவது.

வேலைகள்: உளுந்து ஊறப்போட. எசிக்குச் சப்பாத்து. பின்னேரம் 5.40, பள்ளிக்கூடத்தில் வெபர் ரீச்சருடன் டெர்மின், அதாவது சந்திப்பு. பத்தே நிமிடம்.

கணவர் யாவுக்குப் பின்னேர ட்ராம் ஓட்டும் வேலை, அதனால் தனியாகப் போனேன். மகள் எசிக்கு நான்காம் வகுப்பு. அடுத்த வருடம் எந்தப் பள்ளிக்கூடம் என்று ரீச்சர் பரிந்துரை எழுதும் காலம். கிம்னாசியம் என்றால் பல்கலைக்கழகத்துக்கு நேர் வழி. றியால்ஷூலெ என்றால் சுற்று வழி.

"வீட்டில் எசி எப்படி?" என்று கேட்டார் ரீச்சர்.

"பரவாயில்லை. கொஞ்சம் சோம்பல். சொன்னால்தான் படிப்பாள்," என்றேன்.

பச்சைப் பொய். பல் தீட்டும்போதுகூடப் புத்தகத்தைக் கண்ணாடியில் சாய்த்து வைத்து வாசிக்கிற பிள்ளை. ஆனால் எங்கள் யாழ்ப்பாணத்து ஆட்கள் வேறென்ன சொல்வார்கள்? கெட்டிக்காரி என்று வாய்விட்டுச் சொன்னால் நாவூறு, கண்ணேறு பட்டுவிடும். நாங்கள் குறைத்துச் சொல்ல, கேட்கிறவர் "சும்மா இருங்கோ, அவள் நல்லாப் படிக்கிறாள்" என்று மறுக்க வேண்டும். அதுதான் வழக்கம். நானும் காத்திருந்தேன். வெ. ரீச்சர் மறுக்கவில்லை. எழுதிக்கொண்டார்.

"அப்போது நாம் இருவரும் ஒரே மாதிரித்தான் நினைக்கிறோம். வகுப்பிலும் கை தூக்குவதில்லை. றியால்ஷூலெதான் பொருத்தம்."

நன்றி சொல்லிவிட்டு வந்தேன். நன்றி! மடைச்சி நான்.

நவம்பர் 19, புதன்

காலையில் யாவிடம் சொன்னேன். அவர் கானாக்காரர். நாங்கள் பேசுவது ஜெர்மன். இந்த நாட்குறிப்புக் கொப்பியில் மட்டும், என் தமிழில், அவர் சுத்த யாழ்ப்பாணத்தார்.

"உனக்கென்ன விசரோ?" கோப்பையை வைத்த வேகத்தில் மேசையெல்லாம் கோப்பி. "நான் ஒரு கணக்குச் சரியாச் செய்தால் என்ர அம்மா சந்தை முழுக்கச் சொல்லித் திரிவா. நீ என்னடாவெண்டால்…"

"நாவூறு…"

"கறுப்புப் பிள்ளைக்குப் படிப்பு ஏறாது எண்டு கனபேர் ஏற்கெனவே பாதி நம்பி வைச்சிருக்கினம். மிச்சப் பாதியை நீ கையில குடுத்திட்டு வந்திருக்கிறாய்."

நான் துணி எடுத்துக் கோப்பியைத் துடைத்தேன். துடைத்து முடிய அவரே தலையைச் சொறிந்தார். "நானும் போன வருசம் முழுக்க அந்தப் பக்கம் எட்டிப் பாக்கேல்லை. எல்லாத்தையும் பள்ளிக்கூடம் பாக்கும் எண்டு இருந்திட்டன்."

பின்னேரம் எசி வந்து, சப்பாத்தைக் கழற்றாமலே வாசலில் நின்றாள். "அம்மா, நான் சோம்பேறியா? நீங்களும் அப்பிடிச் சொன்னதெண்டு ரீச்சர் சொன்னவ."

அந்த நிமிடம் என் எதிரிக்கும் வேண்டாம். கட்டிப்பிடித்து அழுதேன். அவள் பெரிய மனுசி மாதிரி என் முதுகைத் தட்டி, "ஓம் ஓம், சரி," என்றாள்.

நவம்பர் 20, வியாழன்

வெயில்! நான்கு பாகைதான், ஆனாலும் வெயில்.

இரவுச் சாப்பாட்டுக்கு முன் எசியின் பயிற்சித் தாள்களை மேசையில் பரப்பினோம். ஒவ்வொன்றின் மூலையிலும் சூரியன் படம். ஒரு சூரியன் லேசு, இரண்டு நடுத்தரம், மூன்று கஷ்டம். இதை எசி இன்றைக்குச் சொல்லித்தான் எனக்குத் தெரியும். அவளுடையவை எல்லாம் ஒற்றைச் சூரியன். எல்லாவற்றின் கீழும் "பார்த்தேன்" என்று என் கையெழுத்து. என்னத்தைப் பார்த்தேன்? சூரியனை அழகுக்குப் போட்டிருக்கிறார்கள் என்றல்லவா இருந்தேன்.

"ஏன் எப்பவும் ஒண்டு?" யாவ்.

"மூண்டாம் வகுப்பில காய்ச்சல் வந்து ரெண்டு கிழமை போகேல்லை. அப்ப தந்தவ. பிறகு மாத்தேல்லை."

"கேட்டிருக்கலாமே?"

"ரீச்சரோட எதிர்த்துக் கதைக்கக் கூடாது எண்டு அம்மா சொன்னவ."

சொன்னேன்தான். ஒரு தடவையில்லை, நூறு தடவை.

"வகுப்பில ஏன் கை தூக்கிறேல்லை?"

"தூக்கினால் பாக்கமாட்டா. ஆபிரிக்காவைப் பற்றிப் படிக்கேக்க மட்டும் என்னைக் கேப்பா. எனக்கென்ன தெரியும்? நான் பான்காரி."

யாவ் சிரித்த சிரிப்பில் கீழ்வீட்டு நாய் குரைத்தது. சிரித்து முடிய முகம் மாறிவிட்டது.

அப்போது ஒரு தாள் நிலத்தில் விழுந்து கவிழ்ந்தது. பின்பக்கம் முழுக்கப் பென்சிலில் கணக்கு. பெருக்கல், நீள நீளமான வகுத்தல். மற்றத் தாள்களைத் திருப்பினோம். எல்லாவற்றிலும்! தன்னுடையதை ஐந்து நிமிடத்தில் முடித்துவிட்டு, பக்கத்தில் இருக்கும் லீனாவின் மூன்று சூரியன் தாளைப் பார்த்துப் பின்பக்கத்தில் செய்திருக்கிறாள். சும்மா, ஆசைக்கு. ஒரு வருடமாக.

நானும் திருப்பவில்லை. ரீச்சரும் திருப்பவில்லை.

யாவ் ஒன்றுவிடாமல் சரிபார்த்தார். மூன்று பிழை. அதில் ஒன்று யாவின் பிழை.

வெ. ரீச்சருக்கு மின்னஞ்சல் போட்டாயிற்று: இன்னொரு டெர்மின் வேண்டும், மூன்று பேரும் வருகிறோம்.

நவம்பர் 23, ஞாயிறு

ஒத்திகை. பிள்ளையைப் புகழ ஜெர்மனில் ஐந்து வசனம் எழுதி வைத்தேன். முதலாவதிலேயே நாக்கு இழுத்தது.

"எசி கெட்டிக்காரி, ஆனால்…"

யாவ் கரண்டியால் மேசையில் தட்டினார். "ஆனால் வேண்டாம். திருப்பிச் சொல்லு."

ஏழு தரம் சொன்னேன். எசி சோபாவில் உருண்டு உருண்டு சிரித்தாள்.

எனக்கென்றால் மனம் கேட்கவில்லை. ஒரே நாளில் இவ்வளவு புகழ்ச்சியை எந்தப் பிள்ளை தாங்கும்? நாவூறு கழிய, காய்ந்த செத்தல் மிளகாயும் உப்பும் எடுத்து அவளை மூன்று தரம் சுற்றி, சூடான தாச்சியில் போட்டேன். புகை அலாரம் குளற, யாவ் கதிரையில் ஏறித் துவாயை விசுக்க, எசி என் ஐந்தாம் வசனத்தை அலாரத்துக்கு மேலாகக் கத்திச் சொல்ல, மூன்று பேரும் இருமி இருமிச் சிரித்தோம். இப்படிச் சிரித்து எவ்வளவு நாள்.

நவம்பர் 25, செவ்வாய்

போனோம். யாவ் கல்யாணக் கோட்டோடு வந்தார். வேண்டாம் என்றேன், கேட்டால்தானே.

ஐந்து வசனமும் மறந்துபோனது. தாள்களைக் கவிழ்த்து வைத்தேன், அவ்வளவுதான். வெ. ரீச்சர் ஒவ்வொன்றாகப் பார்த்தார். கழுத்துவரை சிவந்துபோனார். "இதை நான் கண்டிருக்க வேண்டும்," என்றார்.

"நானும்தான்," என்றேன். "போன கிழமை சொன்னது பொய். பிள்ளையைப் புகழ எங்களுக்குப் பயம்." பல் தீட்டும் கதையையும் சொன்னேன்.

யாவ் குரலை உயர்த்தவில்லை. "ஒரு வருடமாக ஒரே சூரியன். இவள் வெள்ளைப் பிள்ளையாக இருந்திருந்தால், ஒரு தடவையாவது மாற்றிக் கொடுத்துப் பார்த்திருப்பீர்களா?"

ரீச்சர் மறுக்கவில்லை. ஒரு தாளைத் திருப்பி, மூலையில் இருந்த ஒற்றைச் சூரியனைப் பார்த்தார். "தெரியவில்லை," என்றார். "தெரியவில்லை என்பதே எனக்கு வெட்கமாக இருக்கிறது."

அந்தப் பதிலுக்காக அவரைப் பிடித்துப்போனது.

பேசி முடித்தது: நாளையிலிருந்து மூன்று சூரியன். அடுத்த இரண்டு பரீட்சையையும் பார்த்துப் பரிந்துரையைத் திரும்ப யோசிப்பார். ஆபிரிக்கா இல்லாத கேள்விகளும் எசியிடம் கேட்பார் (இது எசியே வைத்த நிபந்தனை). வெள்ளிதோறும் தாள் வீட்டுக்கு வரும். நாங்கள் இரண்டு பக்கமும் பார்த்த பிறகே கையெழுத்து.

டிசம்பர் 3, புதன்

மூன்று சூரியன் தாளில் எசிக்கு நாலு பிழை. முகம் தொங்கிப்போய் வந்தாள்.

"பின்பக்கத்தில செய்யேக்க ஒருத்தரும் பாக்கேல்லை. இப்ப பாக்கினம்."

"பாக்கட்டும். லீனாவுக்கு எத்தினை பிழை?"

"ஆறு."

"அவள் அழுதவளோ?"

"இல்லை. பாண் சாப்பிட்டவள்."

பாணுக்கு வெண்ணெய் பூசிக் கொடுத்தேன். இரண்டு துண்டு சாப்பிட்டுவிட்டுக் கணக்கைத் திருப்பிச் செய்தாள். சரி.

டிசம்பர் 12, வெள்ளி

முதல் பனி. நான் வேலை செய்யும் பல் வைத்தியரிடம் காலையிலிருந்தே கூட்டம். வரவேற்பு மேசையில் நான் ஒருத்தி. பத்தரைக்குக் கைத்தொலைபேசி அடித்தது. வெபர் ரீச்சர்.

ஜெர்மன் பரீட்சையில் இரண்டு. கணக்கில் ஒன்று. இங்கே ஒன்றுதான் ஆகச் சிறந்த புள்ளி, அதற்கு மேல் இல்லை! மற்ற ரீச்சர்மாரோடும் பேசிவிட்டாராம். கிம்னாசியம். "ஆனால்" எதுவும் இல்லாமல்.

நன்றி சொன்னேன், இந்தத் தரம் சரியான நன்றி. அவர் தொலைபேசியை வைக்கவில்லை.

"இன்னும் ஒன்று கேட்க வேண்டும். வீட்டில் எசி எப்படி?"

எதிரே ஏழு பேர், எல்லோரும் பல்வலிக்காரர், எல்லோரும் என்னையே பார்த்தபடி.

"கெட்டிக்காரி," என்றேன், சுவர் அதிர. "என் மகள் சரியான கெட்டிக்காரி!"

பஞ்சைக் கடித்துக்கொண்டிருந்த கிழவர் ஒருவர் கை தட்டினார்.

வாங்க வேண்டியவை: குடை. உளுந்து. செத்தல் மிளகாய், பெரிய பைக்கற்.