ஊதா மையில் ஒரு ஓகே

அன்புத் தம்பிக்கு அக்கா எழுதுவது.

இங்கே மாமா, நான், மகள் சின்னவள் மூவரும் இருக்கிறோம். நலம் என்று எழுதக் கை வரவில்லை. உன் இருமல் விட்டதா? போன முறை பார்க்க வந்தபோது கம்பிக்கு அந்தப் பக்கம் நின்று இருமி இருமியே நேரத்தைத் தீர்த்துவிட்டாய்.

உனக்கு முன்னால் இதைப் பிரித்துப் படிக்கும் அதிகாரி ஐயாவுக்கும் வணக்கம். ஐயா, என் எழுத்து கோழிக் கிறுக்கல், பக்கமும் அதிகம். பொறுத்துக்கொண்டு கடைசி வரி வரைக்கும் படித்துவிட்டு முத்திரை குத்துங்கள். பார்க்காமல் குத்திய முத்திரையைப் பற்றித்தான் எழுதப் போகிறேன்.

தம்பி, உன்னோடு இருந்து விடுதலையான தையல்காரர் போன வாரம் வந்து நீ கொடுத்தனுப்பிய சீட்டைத் தந்தார். இன்னும் பதினொரு நாளில் வெளியே வருகிறாய் என்று படித்ததும் வயிறு குளிர்ந்தது. அடுத்த வரியில் அந்தக் குளிர்ச்சி போய்விட்டது. "சூப்பர்வைசரோட மிச்சக் கண்ணையும் எடுத்துட்டுத்தான் வீட்டுக்கு வருவேன். ஓகேவா அக்கா?" என்று எழுதியிருக்கிறாய்.

ஓகே இல்லை.

நம் வீட்டில் யாருக்கும் இங்கிலீஷ் வராது. ஆனால் இந்த ஒரு வார்த்தையை வைத்துக்கொண்டு எல்லோரும் குடும்பமே நடத்திவிட்டோம். பெண் பார்க்க வந்த அன்று மாமா வெட்கப்பட்டுக்கொண்டு அம்மாவிடம் சொன்னது அந்த ஒரு வார்த்தைதான். போனை வைக்கும்போது ஓகே. நான் வைத்த குழம்பைப் பற்றிக் கேட்டால் "ஓகே" என்பார். வாயில் வைக்க விளங்கவில்லை என்று அர்த்தம். எனக்குக் கோபம் வந்து "ஓகே" என்று முடித்தால் அப்புறம் இரண்டு நாள் வீட்டில் சத்தமே இருக்காது. மாமாவும் நானும் வேலை பார்த்த பிரெஸ் ஷாப்பில், தகட்டை அழுத்தி மூடி செய்யும் இருபத்திரண்டு மெஷினும் ஓடும்போது பக்கத்தில் நிற்பவன் கத்தினாலும் கேட்காது. அங்கே கட்டை விரலைத் தூக்கினால் ஓகே, மெஷினை இறக்கலாம். எனக்கு மட்டும் அந்த வார்த்தை ரப்பரில் இருந்தது. மரப்பிடி போட்ட முத்திரை, ஊதா மை. காலையில் ஒவ்வொரு மெஷினாகப் போய், முன்னால் இருக்கும் தடுப்புக் கதவைத் திறந்து மூடிப் பார்த்து, அதில் தொங்கும் அட்டையில் குத்த வேண்டும்.

நான் அப்படிச் செய்யவில்லை. ஆறு வருஷமாகச் செய்யவில்லை. அட்டைகளை எல்லாம் மேஜைக்கு வாரிக்கொண்டு வந்து, டீ குடித்துக்கொண்டே வரிசையாகக் குத்திவிட்டுத் திரும்ப மாட்டிவிடுவேன். எனக்கு முன்னால் இருந்தவளும் அப்படித்தான் செய்தாள். யாரும் ஒரு வார்த்தை கேட்டதில்லை.

அன்றைக்கு எட்டு மணிக்குப் பத்து நிமிஷம் இருக்கும்போது சூப்பர்வைசர் என் மேஜைக்கு ஓடி வந்தார். "ஏம்மா, ஏழாம் நம்பருக்குக் குத்திடாதீங்க. கதவு திறந்திருக்கும்போதே மெஷின் இறங்குது. நான் போயி மெக்கானிக்கக் கூட்டிட்டு வரேன்" என்றார். நான் அதற்குள் குத்தி மாட்டிவிட்டிருந்தேன். குத்தியதை ரத்து செய்ய வேண்டுமென்றால் சிவப்புத் தாள் எழுதி, ஆபீஸில் போய் மூன்று பேரிடம் கையெழுத்துக்குக் காத்து நிற்க வேண்டும். டீயைக் குடித்துவிட்டுப் போகலாம் என்று நினைத்தேன். அவரிடம் "ஓகே சார்" என்றேன். அவர் நம்பிக்கொண்டு போனார்.

ஏழாம் நம்பரில் அன்றைக்கு யார் உட்கார வேண்டும் என்பது உனக்குத் தெரியும்.

சத்தம் கேட்டு ஓடினேன். மெஷின் மேலே ஏறி நின்றது. கீழே தகடு மூடிகளோடு மூடியாக நான்கு விரல்கள் கிடந்தன. மாமா கையைப் பார்த்துக்கொண்டே இருந்தார். ரத்தம் அட்டை வரைக்கும் தெறித்திருந்தது, ஊதா ஓகேக்கு மேலேயே. அந்த அட்டையை மேனேஜர் அன்று மத்தியானமே கழற்றி எடுத்துப் பூட்டி வைத்துவிட்டார். அட்டை வெளியே வந்தால் கம்பெனிக்கு வம்பு. பழியைச் சூப்பர்வைசர் ஒருத்தர் தலையில் போட்டுவிட்டால் முடிந்தது வேலை.

மூன்றாம் நாள் ஆஸ்பத்திரி வராந்தாவில் நீ என் தோளைப் பிடித்து உலுக்கினாய். "யாருக்கா காரணம்? அந்த சூப்பர்வைசர்தானே?" என்று கேட்டாய். உன் கண் சிவந்திருந்தது. நீ என்ன செய்வாய் என்று எனக்குத் தெரியாதா? பள்ளிக்கூடத்தில் என் ஜடையை இழுத்தவன் பல்லை உடைத்தவன் நீ. தெரிந்தும் தலையை ஆட்டினேன். என் பெயர் வெளியே வராமல் இருந்தால் போதும் என்று ஆட்டினேன்.

அன்று சாயங்காலம் ஆலை கேட்டில் நானும் நின்றேன். நீ பைப்போடு வந்ததைப் பார்த்தேன். அவர் சாப்பாட்டுப் பையோடு வெளியே வந்தார். உன்னைப் பார்த்ததும் ஏதோ சொல்ல வாயைத் திறந்தார். முதல் அடி தாடையில் விழுந்தது. சொல்ல வந்தது வாய்க்குள்ளேயே நொறுங்கியது. இரண்டாவது விலாவில். கீழே விழுந்தவரை நீ விடவில்லை. எலும்பு முறியும் சத்தத்தை நான் பத்தடி தூரத்தில் கேட்டேன். கண்ணில் விழுந்த அடிக்கு அவர் கால் இரண்டும் உதறிய உதறல் இன்னும் என் கண்ணை விட்டுப் போகவில்லை. "நிறுத்துடா, அது நான்தான்" என்று ஒரு கத்தல் போட்டிருந்தால் அந்தக் கண்ணாவது மிஞ்சியிருக்கும். நான் கையால் வாயைப் பொத்திக்கொண்டு நின்றேன்.

இத்தனை மாதமும் நீ அடித்தது குற்றவாளியை என்று நினைத்துக்கொண்டிருக்கிறாய். அந்த ஆலையில் அன்று மாமா கையைக் காப்பாற்ற ஓடிய ஒரே மனிதரை அடித்தாய், தம்பி. உன் கையில் பைப்பைக் கொடுத்தது நான்.

உன் சீட்டைப் படித்த அன்றே மாமாவிடம் எல்லாவற்றையும் சொன்னேன். அவர் சோற்றை இடது கையால் பிசைந்துகொண்டிருந்தார். நிமிராமலே, "தெரியும். உன் முத்திரையப் பாத்துட்டுத்தானே உக்காந்தேன்" என்றார். எட்டு மாதமாகத் தெரிந்துகொண்டே என் கையால் தலை வாரிக்கொண்டிருந்திருக்கிறார். அவருடைய வலது கையில் கட்டை விரல் மட்டும்தான் மிச்சம். அதை எனக்கு முன்னால் தூக்கிக் காட்டி, "இனிமே நான் எதுக்கும் ஓகேதான், பாத்துக்க" என்று சிரிக்கப் பார்த்தார். நான் தட்டைத் தூக்கிச் சுவரில் அடித்தேன். சின்னவள் பயந்து அலறினாள். அதன் பிறகுதான் இருவரும் அழுதோம்.

மறுநாள், இன்னும் முடியாமல் இழுத்துக்கொண்டிருக்கும் விபத்து விசாரணைக்குப் போய் அட்டை எங்கே இருக்கிறது, யார் குத்தியது என்று எழுதிக் கொடுத்தேன். கம்பெனி அன்றைக்கே என்னை வெளியே அனுப்பிவிட்டது. அங்கிருந்து சூப்பர்வைசர் வீட்டுக்குப் போனேன். தாடை கோணிப் போய் இருக்கிறது. எதையும் கரைத்துத்தான் குடிக்கிறார். நான் சொல்லி முடிக்கும்வரை ஒற்றைக் கண்ணால் பார்த்துக்கொண்டே இருந்தார். பிறகு பக்கத்தில் இருந்த எவர்சில்வர் டம்ளரை எடுத்து என் முகத்தில் வீசினார். நெற்றியில் இரண்டு தையல். அவர் சம்சாரம் என்னைக் கழுத்தைப் பிடித்து வெளியே தள்ளினாள். மன்னிப்பு கிடைக்கும் என்று நான் போகவில்லை. கிடைக்கவும் இல்லை.

உன் மிரட்டலை அதிகாரி படிக்கும் கடிதத்தில் அக்காவே எழுதிவிட்டாளே என்று உனக்குப் பற்றிக்கொண்டு வரும். தெரிந்துதான் எழுதுகிறேன். ஐயா, என் தம்பி அந்த மனிதரைத் தொடமாட்டான் என்று உங்களுக்கு நம்பிக்கை வராவிட்டால் என்ன செய்ய வேண்டுமோ செய்யுங்கள். தம்பி, இதனால் நீ இன்னும் கொஞ்ச நாள் உள்ளே இருக்க நேர்ந்தால் அந்தப் பாவமும் என்னோடு சேரட்டும். கொலைகாரனாக உன்னைப் பார்க்க என்னால் முடியாது.

நீ வெளியே வரும் அன்று ஜெயில் கேட்டுக்கு எதிரில் நிற்பேன். மாமா வருகிறேன் என்றார், வேண்டாம் என்றுவிட்டேன். உன் கையில் எது இருந்தாலும் நான் நகரமாட்டேன். நீ ஓங்க வேண்டிய ஆள் நான். என்னிடம் ஓங்கிவிட்டு, வீட்டுக்கு வா. உன் பாயும் தலையணையும் வெயிலில் காய்கின்றன.

பதில் போடு. ஓகே என்று மட்டும் எழுதி அனுப்பிவிடாதே, எனக்கு அந்த வார்த்தை ஆகாது. "அவரைத் தொடமாட்டேன்" என்று உன் கையால் முழுசாக எழுது.

நீ நூறு வயது இருக்க வேண்டும். அவரும் இருக்க வேண்டும்.

அக்கா