தண்ணீருக்கு வாடல் நோய் வந்த வாரம்

இன்று காலை குக்கரைத் திறந்ததும் வெந்த உருளைக்கிழங்கு வாசனை முகத்தில் அடித்தது. உடனே நீ வந்து நின்றாய். மற்றவர்களுக்கு அது மசாலா தோசை வாசனை. எனக்கு நம் ஆய்வகத்து வாசனை. செடிகளுக்கு நோய் தரும் பூஞ்சைகளை வளர்க்க நீ உருளைக்கிழங்கை வேகவைத்துச் சாறு எடுப்பாய். மிஞ்சிய கிழங்கை எறிய மனசு வராமல் வெங்காயம் போட்டுப் பல்யா, அதாவது பொரியல், செய்து மதியம் எனக்குப் பரிமாறுவாய். "சாறு பூஞ்சைக்கு, சக்கை நமக்கு. இங்க யாரு முக்கியம்னு தெரிஞ்சுக்கோ" என்பாய்.

நாம் இருவரும் ஒன்றாக வேலைக்குச் சேர்ந்தவர்கள். உனக்கு மைக்ராஸ்கோப். எனக்கு, தொண்ணூறுகளின் கடைசியில் வந்து இறங்கிய பிசிஆர் மெஷின். பூஞ்சையை வளர்த்து, வித்துகளைப் பார்த்து, சந்தேகம் தீர ஒரு செடிக்கு ஏற்றி நீ பெயர் சொல்வதற்குள் வாரங்கள் ஓடிவிடும். என் மெஷினோ பூஞ்சையின் டிஎன்ஏவைப் பெருக்கிக் காட்டி ஒரே நாளில் சொல்லிவிடும். நான் அலட்டிக்கொண்டது கொஞ்சநஞ்சமல்ல. "உன் மிக்ஸி இன்னைக்கு என்ன சொல்லுது?" என்று நீ விசாரிப்பாய்.

கௌரம்மா வந்தது அந்தச் சமயத்தில்தான். ஆனேக்கல் பக்கம் பசுமைக்குடிலில் கார்னேஷன் பூ வளர்ப்பவர். போன பருவத்தில் வாடல் நோய் பாதித் தோட்டத்தைத் தின்றிருந்தது. புது மண் கொட்டி, நடுவதற்குப் புதுக் கட்டிங் தண்டுகள் வாங்கி, அதில் ஒரு பிடியை ஈரத்துணியில் சுற்றிக் கொண்டுவந்திருந்தார். "நடலாமா பேடவா, நடலாமா வேண்டாமான்னு மட்டும் சொல்லுங்க மேடம். திங்கக்கிழமைக்கு மேல இது தாங்காது." நோயுள்ள கட்டிங்கை நட்டால் பூஞ்சை அந்த மண்ணிலேயே வருடக்கணக்கில் தங்கிவிடும். அப்புறம் அவர் கார்னேஷனை மறந்துவிட வேண்டியதுதான். உன் வழியில் பார்க்க நேரமில்லை.

மெஷின் பெருக்கிய டிஎன்ஏவை ஓடவிட்ட ஜெல்லை விளக்கில் வைத்தேன். எல்லாக் கட்டிங்கிலும் நோயின் கோடு பளிச்சென்று தெரிந்தது. கௌரம்மாவுக்குச் சொல்ல டெலிபோன் பக்கம் போனவளை நீதான் கையைப் பிடித்து நிறுத்தி, சரிபார்ப்பதற்காக வெறும் தண்ணீர் ஊற்றியிருந்த கடைசிக் கட்டத்தைக் காட்டினாய். அங்கேயும் கோடு!

"தண்ணிக்குமாடி வாடல் நோய்? குளுக்கோஸ் ஏத்தலாமா?"

சிரித்து ஓய்ந்த பிறகுதான் உறைத்தது. நீ வருடக்கணக்காக அதே அறையில் வளர்த்த அதே பூஞ்சை காற்றில், துளி அளக்கும் பிப்பெட்டில், நாம் போட்டிருந்த வெள்ளைக் கோட்டில், உன் தலைமுடியில்கூட இருந்தது. என் மெஷினுக்கு ஒரு துணுக்கு போதும். அந்தக் கட்டடத்தில் எங்கே கலந்தாலும் தண்ணீருக்குச் சீக்குதான். "எங்க வீட்டுக்கு வா. கார்னேஷன் எங்க வாசப்படி மிதிச்சதே இல்ல" என்றாய்.

ஞாயிறு காலை காக்ஸ் டவுனில் உன் வீட்டுக்கு வந்தேன். நீ சர்ச்சுக்குக்கூடப் போகாமல், தலைக்குக் குளித்துத் துணி கட்டிக்கொண்டு நின்றாய். கடன் வாங்கிய புதுப் பிப்பெட்டோடு உன் சாப்பாட்டு மேஜையில் தண்டை நசுக்கி, மருந்து கலந்து, குழாய்களை அங்கேயே இறுக மூடினோம். ஐஸ் போட்ட டப்பாவை மடியில் வைத்துக்கொண்டு ஆட்டோவில் ஆய்வகத்துக்குப் போகும்போது நீ கண்ணை மூடி ஜெபம் செய்தாய். கௌரம்மாவுக்காகவா என்று கேட்டேன். "உன் மிக்ஸிக்காக. பாவம், ரொம்ப அவமானப்பட்டுடுச்சு" என்றாய்.

சாயங்காலம் தண்ணீர் சுத்தமாக இருந்தது. கட்டிங்குகளும் சுத்தம். ஒப்பிடுவதற்காகக் கடைசியில் ஆய்வகத்தில் கலந்த நோய்ச்செடிக் குழாயில் மட்டும் கோடு. "நட்டுடுங்க" என்று போனில் சொன்னேன். கௌரம்மா அழுதுவிட்டார்.

என் வேலை முடிந்தது. உன் வேலை முடியவில்லை. சனிக்கிழமை தவறாமல் பஸ் பிடித்து ஆனேக்கல் போய், செடி செடியாகக் குனிந்து அடித்தண்டைப் பார்த்துவிட்டு வந்தாய். "மெஷின்தான் சொல்லியாச்சே, இன்னும் என்ன?" என்று எரிச்சலோடு கேட்டேன்.

"மெஷினா நட்டுச்சு? அந்தம்மாதானே நட்டாங்க."

பூ வரும்வரை போனாய். வாடல் வரவில்லை. என் மெஷின் மேல் உனக்கு நம்பிக்கையில்லை என்று நான் கொஞ்ச நாள் உர்ரென்று இருந்தேன். அது நம்பிக்கை சம்பந்தப்பட்டதே இல்லை. ஒருவேளை நாம் தவறியிருந்தால் அந்த அம்மா தனியாக நின்று அதைப் பார்க்கக் கூடாது. உன் கவலை அவ்வளவுதான்.

நீ போய் இது இரண்டாவது மழைக்காலம். மனசு உன்னை ரொம்பத் தேடுகிறது. இப்போதெல்லாம் மதியச் சாப்பாட்டுக்குள் பதில் வந்துவிடுகிறது. அதற்கப்புறமும் நான் தோட்டத்துக்குக் கிளம்பினால், "ரிசல்ட் மெயில் பண்ணியாச்சே மேடம்" என்று ஆய்வகத்தில் சிரிக்கிறார்கள். பண்ணியாச்சுதான். ஆனாலும் செடி நிமிர்ந்து நிற்பதைக் கண்ணால் பார்த்தால்தான் எனக்குத் தூக்கம் வருகிறது. நிம்மதியாக இருந்தவள் தலையில் இந்தக் கவலையைக் கட்டிவிட்டு நீ பாட்டுக்குப் போய்விட்டாய். இனி நீயே வந்து கேட்டாலும் இதைத் திருப்பித் தர மாட்டேன்.